பாலில் வந்த நஞ்சும் மறைக்கப்பட்ட செய்தியும்

2025 பிப்ரவரி 14 அதிகாலை. செர்னோபில் அணு உலையை மூடியிருக்கும் மாபெரும் உலோகக் கூரையை வெடிகுண்டு ஏந்திய ஒரு ட்ரோன் தாக்கியது. கூரையில் ஓட்டை விழுந்தது, தீப்பிடித்தது. ரஷ்யாதான் தாக்கியது என்றது உக்ரைன். நாங்கள் இல்லை என்றது ரஷ்யா. கதிர்வீச்சு அளவு உயரவில்லை என்று சர்வதேச அணுசக்தி முகமை அறிவித்ததும் உலகம் பெருமூச்சு விட்டு அடுத்த செய்திக்கு நகர்ந்துவிட்டது.

உக்ரைனின் இன்னொரு அணுமின் நிலையமான ஸபோரிஷியா, 2022 மார்ச் மாதம் முதல் போர்முனையில் சிக்கிக் கிடக்கிறது. ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய அணுமின் நிலையம் அதுதான். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் உக்ரைனுக்கு 55 லட்சம் மாத்திரைகளை அனுப்பி வைத்தது. அவை காய்ச்சலுக்கோ வலிக்கோ உரிய மாத்திரைகள் அல்ல. பொட்டாசியம் அயோடைடு, சாதாரணமாகச் சொன்னால் அயோடின் மாத்திரைகள்.

அணு உலை வெடித்தால் எத்தனையோ வகை நஞ்சுகள் காற்றில் கலக்கும். அவற்றில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும்தான் இப்படிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு மலிவான, எளிதான தடுப்பு மருந்து இருக்கிறது. அப்படியிருந்தும் 1986க்குப் பிறகு ஆயிரக்கணக்கான குழந்தைகள் அந்த ஒரு நஞ்சாலேயே தைராய்டு புற்றுநோய்க்கு ஆளானார்கள். ஏன்? இந்தக் கேள்விக்கான பதில் அணு அறிவியலில் இல்லை. ஆட்சியாளர்கள் மக்களிடம் உண்மையை எப்போது சொன்னார்கள் என்பதில் இருக்கிறது.

கழுத்தில் இருக்கும் சிறு சுரப்பி

நம் கழுத்தின் முன்புறம், தொண்டைக்குழிக்குச் சற்று மேலே, வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் இருக்கும் சுரப்பிதான் தைராய்டு. உடல் வளர்ச்சிக்கும் மூளை வளர்ச்சிக்கும் தேவையான ஹார்மோனை அது சுரக்கிறது. அந்த ஹார்மோனைத் தயாரிக்க அதற்கு அயோடின் வேண்டும். எனவே உணவிலும் காற்றிலும் உடலுக்குள் வரும் அயோடினைத் தேடிப்பிடித்துச் சேமித்து வைத்துக்கொள்கிறது.

அதற்குச் சாதாரண அயோடினையும் கதிரியக்க அயோடினையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அணு உலை உருகும்போது வெளியேறும் அயோடின்-131 உடலுக்குள் போனால், அதையும் அதே ஆவலோடு உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு அந்தச் சுரப்பியின் உள்ளிருந்தே கதிர்வீச்சு நடக்கிறது.

குழந்தைகளுக்கு ஆபத்து பல மடங்கு அதிகம். பெரியவரின் தைராய்டு ஏறக்குறைய 20 கிராம் எடை கொண்டது. கைக்குழந்தையின் தைராய்டு ஓரிரு கிராம்தான். ஒரே அளவு நஞ்சு அவ்வளவு சிறிய இடத்தில் குவிந்தால் பாதிப்பு எவ்வளவு கூடும் என்பதை நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். வளரும் வயதில் செல்கள் வேகமாகப் பெருகுவதால் ஒரு சிறு சேதமும் பெரிதாக வளர வாய்ப்பு உண்டு.

இந்த நஞ்சு குழந்தையை வந்தடையும் முக்கியமான வழி காற்று அல்ல, பால். காற்றில் வந்த அயோடின் புல்லின் மேல் படிகிறது. மாடு அந்தப் புல்லை நாள் முழுவதும் பரந்த நிலத்தில் மேய்கிறது. ஓரிரு நாட்களிலேயே அது பாலில் இறங்கிவிடுகிறது. எந்தக் குழந்தைக்கு நல்ல பால் வேண்டும் என்று தாய் அக்கறையோடு காய்ச்சிக் கொடுக்கிறாளோ, அந்தக் குழந்தைக்கே அதிக நஞ்சு போய்ச் சேர்கிறது. காய்ச்சினாலும் அது போவதில்லை.

ஆனால் இந்த நஞ்சுக்கு ஒரு பலவீனமும் இருக்கிறது. அதன் அரை ஆயுள் 8 நாட்கள். அதாவது எட்டு நாளில் பாதியாகும். அடுத்த எட்டு நாளில் அதிலும் பாதி. 80 நாட்களில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும் சீசியம்-137 போன்றதல்ல இது. சில வாரங்கள் உள்ளூர்ப் பாலை நிறுத்தி, உரிய நேரத்தில் அயோடின் மாத்திரையைக் கொடுத்து, தைராய்டை நல்ல அயோடினால் முன்கூட்டியே நிரப்பிவிட்டால் போதும். உள்ளே இடமில்லாமல் நஞ்சு சிறுநீரோடு வெளியேறிவிடும். மாத்திரையை நஞ்சு வந்து சேர்வதற்குச் சற்று முன்போ, வந்த சில மணி நேரத்துக்குள்ளோ கொடுக்க வேண்டும். ஒரு நாள் கழிந்துவிட்டால் பலன் மிகக் குறைவு.

எனவே இங்கே எல்லாமே நேரத்தைப் பொறுத்தது. நேரம் என்பது செய்தியைப் பொறுத்தது.

முன்பே தெரிந்திருந்தது

1986இல் இதெல்லாம் யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது. 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல், மார்ஷல் தீவுகளில் உள்ள ரொங்கலாப் மக்கள் மீது பொழிந்தது. அவர்களை அங்கிருந்து வெளியேற்ற இரண்டு நாட்களுக்கு மேலானது. 1963 முதல் அந்தத் தீவின் பிள்ளைகள் கழுத்தில் கட்டிகள் தோன்றத் தொடங்கின.

1957 அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் அணு உலையில் தீ விபத்து ஏற்பட்டது. சில நாட்களுக்குள் சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கறந்த பாலை விற்கக் கூடாது என்று அரசு தடை விதித்தது. லட்சக்கணக்கான லிட்டர் பால் கீழே கொட்டப்பட்டது. விபத்தின் முழு விவரத்தைப் பல ஆண்டுகள் மறைத்த அதே பிரிட்டிஷ் அரசுதான் பாலை மட்டும் உடனே நிறுத்தியது.

அமெரிக்கா தன் சொந்த மண்ணிலேயே நெவாடா பாலைவனத்தில் நூறு முறை காற்றுவெளியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தது. அந்தச் சாம்பல் காற்றில் எங்கே போகும் என்ற தகவல், படச்சுருள்கள் கெட்டுப் போகக்கூடாது என்பதற்காகப் புகைப்படச் சுருள் தயாரிப்பாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டது. பால் குடிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குச் சொல்லப்படவில்லை. நாடு முழுவதும் பரவிய அயோடின் பற்றிய அரசு ஆய்வறிக்கை 1997இல்தான் வெளியே வந்தது. ஆகவே மறைப்பது கம்யூனிச நாடுகளின் தனிக்குணம் என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஒரே மேகம், இரண்டு அரசுகள்

1986 ஏப்ரல் 26 அதிகாலை 1.23 மணிக்கு செர்னோபில் நான்காம் உலை வெடித்தது. மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருந்த பிரிப்யாத் நகரத்தில் ஏறக்குறைய 50,000 பேர் வசித்தார்கள். அன்று சனிக்கிழமை. பிள்ளைகள் வழக்கம்போல் பள்ளிக்குப் போனார்கள். மறுநாள் பிற்பகலில்தான் பேருந்துகள் வந்து அவர்களை ஏற்றிச் சென்றன. அந்த நகரத்தில் பலருக்கு அயோடின் மாத்திரை கிடைத்தது என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும்.

நகரத்தைத் தாண்டிய கிராமங்களில் நிலைமை வேறு. உலகத்துக்கு இந்தச் செய்தியை மாஸ்கோ தானாகச் சொல்லவில்லை. ஏப்ரல் 28 காலையில், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஒரு ஊழியரின் காலணியில் கதிரியக்கம் இருப்பதாக எச்சரிக்கை மணி அடித்தது. தங்கள் உலையில்தான் கசிவோ என்று அவர்கள் பதறித் தேடினார்கள். காற்று வந்த திசையைக் கணக்கிட்டு சுவீடன் கேள்வி கேட்ட பிறகு, அன்று இரவு சோவியத் தொலைக்காட்சி சில வரிகளில் விபத்தை ஒப்புக்கொண்டது. மே 1 அன்று கீவ் நகர வீதிகளில் குழந்தைகளும் கலந்துகொண்ட மே தின ஊர்வலம் நடந்தது. கோர்பச்சேவ் தொலைக்காட்சியில் தோன்றி நாட்டு மக்களிடம் பேசியது மே 14 அன்று.

பாலில் இவ்வளவுதான் கதிரியக்க அயோடின் இருக்கலாம் என்ற வரம்பை சோவியத் சுகாதாரத் துறை மே முதல் வாரத்தின் இறுதியில்தான் விதித்தது. எட்டு நாளில் பாதியாகும் நஞ்சுக்கு ஏறக்குறைய பத்து நாள் தாமதம்! அந்த வரம்பும் அரசுப் பால் பண்ணைகளைத்தான் கட்டுப்படுத்த முடிந்தது. பெலாரஸின் கோமெல், ரஷ்யாவின் பிரையான்ஸ்க் பகுதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு ஒரு மாடு. நீண்ட குளிர்காலம் முடிந்து மாடுகளைப் புல்வெளிக்கு அவிழ்த்துவிடும் நேரம் அது. அந்தக் கிராமத்துத் தாயிடம் இந்தப் பாலைக் கொடுக்காதே என்று யாரும் போய்ச் சொல்லவில்லை.

சொல்ல வேண்டும் என்று வாதாடியவர்களும் இருந்தார்கள். மின்ஸ்கில் அணுசக்தி ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்த இயற்பியலாளர் வசீலி நெஸ்டெரென்கோ, மக்களுக்கு உடனே அயோடின் கொடுங்கள் என்று பெலாரஸ் தலைமையிடம் வற்புறுத்தினார். பீதியைக் கிளப்புகிறார் என்ற பெயர்தான் அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டே பதவியும் போனது.

இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் பார்ப்போம். போலந்தும் அன்று கம்யூனிச நாடுதான். சோவியத் ஒன்றியத்தின் இராணுவக் கூட்டாளிதான். ஏப்ரல் 28 அதிகாலையில் அந்நாட்டின் மிகோவைகி அளவீட்டு நிலையம் காற்றில் கதிரியக்கம் பல மடங்கு உயர்ந்திருப்பதைப் பதிவு செய்தது. மாஸ்கோவிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. போலந்து விஞ்ஞானிகள் காத்திருக்கவில்லை. ஏப்ரல் 29 அன்று அரசுக் குழு கூடியது. அன்று மாலையே அயோடின் கரைசல் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். மாத்திரை போதாததால் மருந்துக் கடைகளில் அயோடின் கரைசலைத் தயாரித்து, பள்ளிகளிலும் மருத்துவ நிலையங்களிலும் வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்தார்கள். சில நாட்களுக்குள் 1 கோடியே 5 லட்சம் குழந்தைகளுக்கும் 70 லட்சம் பெரியவர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. புல்வெளியில் மேய்ந்த மாட்டின் பாலைத் தடுத்தார்கள். சிறு குழந்தைகளுக்குப் பால்பவுடர் கொடுத்தார்கள்.

இவ்வளவு பேருக்குக் கொடுத்ததில் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டது ஏற்கெனவே அயோடின் ஒவ்வாமை இருந்த இரண்டு பெரியவர்களுக்குத்தான். போலந்தில் படிந்த கதிரியக்கம் பெலாரஸை விடக் குறைவு என்பது உண்மைதான். இரண்டு நாடுகளையும் அப்படியே எடை போட முடியாது. ஆனால் ஒரு ஏழை நாடு, பக்கத்து வல்லரசு பொய் சொல்லிக்கொண்டிருந்தபோதும், இரண்டே நாளில் தன் பிள்ளைகளைக் காக்கப் புறப்பட முடியும் என்பதை அது நிரூபித்துக் காட்டியது.

மருத்துவர்கள் சொன்னபோது நம்பவில்லை

சர்வதேச அணுசக்தி முகமையின் ஏற்பாட்டில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 1991இல் வெளியானது. கதிர்வீச்சால் நேரடியாக வந்தது என்று சொல்லத்தக்க உடல்நலக் கேடு எதையும் காணவில்லை என்றது அந்த ஆய்வு. எதிர்காலத்தில் தைராய்டு புற்றுநோய் கூடலாம் என்ற ஒரு குறிப்பும் அதில் இருந்தது. ஆனால் எதிர்காலம் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது.

மின்ஸ்கில் அறுவை மருத்துவர் யெவ்கேனி டெமித்சிக் குழுவினரிடம் கழுத்தில் கட்டியோடு பிள்ளைகள் வரத் தொடங்கியிருந்தார்கள். பெலாரஸில் 1986 முதல் 1989 வரை ஆண்டுக்குச் சராசரியாக 4 குழந்தைகளுக்குத்தான் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டது. 1991இல் மட்டும் 55 பேர். இந்த விவரங்களோடு, மொத்தம் 131 குழந்தைகளைப் பற்றிய கடிதம் ஒன்றை பெலாரஸ் சுகாதார அமைச்சர் கசாகோவும் டெமித்சிக்கும் சக மருத்துவர் ஒருவரும் எழுதினார்கள். 1992 செப்டம்பரில் நேச்சர் இதழ் அதை வெளியிட்டது.

மேற்கத்திய நிபுணர்கள் பலர் நம்பவில்லை. இவ்வளவு சீக்கிரம் வராது, குறைந்தது பத்தாண்டு ஆகும் என்றார்கள். தேடிப் பார்ப்பதால்தான் அதிகம் தென்படுகிறது என்றார்கள். சோவியத் மருத்துவர்களின் நோயறிதலே சரிதானா என்றும் கேட்டார்கள். கேள்வி கேட்பது அறிவியலின் கடமைதான். ஆனால் அந்தச் சந்தேகத்தில் போன ஒவ்வொரு ஆண்டும் பெலாரஸ் மருத்துவமனைகளுக்குத் தேவையான உதவி தாமதமான ஆண்டு.

சந்தேகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது கோமெல் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2001இல் வெளியான ஒரு எளிய ஒப்பீடு. ஒரே ஊர், ஒரே அல்ட்ராசவுண்ட் கருவி, ஒரே பரிசோதனை. விபத்துக்கு முன்பு பிறந்த 9,720 பிள்ளைகளில் 31 பேருக்குத் தைராய்டு புற்றுநோய். விபத்து நடந்தபோது தாயின் வயிற்றில் இருந்து அந்த ஆண்டு இறுதிக்குள் பிறந்த 2,409 பேரில் ஒருவருக்கு. 1987க்கும் 1989க்கும் இடையே, அதாவது அயோடின் முழுவதும் அழிந்துபோன பிறகு பிறந்த 9,472 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை. தேடியதால் வந்த எண்ணிக்கை என்றால் மூன்று பிரிவினரிடமும் வந்திருக்க வேண்டும். அந்த எட்டு வாரங்களில் பால் குடித்த பிள்ளைகளுக்கு மட்டும் வந்தது.

2005இல் வெளியான இன்னொரு ஆய்வு இன்னும் வேதனையான ஒரு உண்மையைச் சொன்னது. மண்ணில் இயல்பாகவே அயோடின் குறைவாக இருந்த பகுதிப் பிள்ளைகளுக்கு ஆபத்து மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. பசித்திருந்த சுரப்பி கிடைத்ததை எல்லாம் விழுங்கியது. அயோடின் மாத்திரை பெற்ற பிள்ளைகளுக்கு ஆபத்து மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது.

எண்களுக்குப் பின்னால்

ஐ.நா.வின் அணுக்கதிர்வீச்சு விளைவுகள் பற்றிய அறிவியல் குழு 2018இல் வெளியிட்ட கணக்குப்படி, விபத்தின்போது 18 வயதுக்கு உட்பட்டிருந்தவர்களில் 1991 முதல் 2015 வரை பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவின் மிகவும் பாதிக்கப்பட்ட நான்கு மாகாணங்களில் 19,000க்கும் மேற்பட்டவர்களுக்குத் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டிருக்கிறது. இவை அனைத்தும் கதிர்வீச்சால் வந்தவை அல்ல. வயது கூடக்கூட இயல்பாக வரும் நோயும், பரிசோதனை பெருகியதால் தென்பட்டவையும் இதில் அடக்கம். ஏறக்குறைய நான்கில் ஒன்று கதிர்வீச்சால் வந்தது என்பது அந்தக் குழுவின் மதிப்பீடு. நான்கில் ஒன்று என்றாலே ஐயாயிரம் பேருக்கு அருகில் வருகிறது.

இந்தப் புற்றுநோயால் 2005 வரை இறந்தவர்கள் 15 பேர் என்று அதே குழு முன்பு பதிவு செய்தது. அணுசக்தி ஆதரவாளர்கள் இந்த 15 என்ற எண்ணை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். தைராய்டு புற்றுநோய் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியது என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்காக மருத்துவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பிழைத்தவர்களின் வாழ்க்கை எப்படி இருந்தது? பத்து வயதில் கழுத்தை அறுத்து சுரப்பியை எடுக்கிறார்கள். அதன் பிறகு ஆயுள் முழுவதும் தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை. சிலருக்குக் குரல் நரம்பு பாதிப்பு, சிலருக்குக் கால்சியம் குறைவு. நுரையீரல் வரை பரவிய பிள்ளைகளும் இருந்தார்கள். கழுத்தைச் சுற்றிய அந்தத் தழும்புக்கு அங்கே மக்கள் வைத்த பெயர் செர்னோபில் கழுத்தணி.

ஃபுகுஷிமா: தலைகீழான கேள்வி

2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கின. ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் மூன்று உலைகள் உருகின. வெளியேறிய கதிரியக்க அயோடின் செர்னோபிலில் வெளியானதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதில் பெரும்பகுதி கடலை நோக்கிப் போனது. மறுநாளே 20 கிலோமீட்டர் சுற்றளவில் மக்களை வெளியேறச் சொன்னார்கள். ஒரு வாரத்துக்குள் பாலுக்கும் குடிநீருக்கும் வரம்பு விதித்தார்கள்; பிறகு அப்பகுதிப் பாலை நிறுத்தினார்கள். செர்னோபிலில் இருந்து ஜப்பான் பாடம் கற்றிருந்தது.

எல்லாப் பாடத்தையும் அல்ல. காற்று எந்தப் பக்கம் கதிரியக்கத்தைக் கொண்டுபோகும் என்று கணிக்க அரசிடம் ஸ்பீடி என்ற கணினி அமைப்பு இருந்தது. அதன் கணிப்புகள் உரிய நேரத்தில் ஊராட்சிகளுக்குப் போகவில்லை. நமியே நகர மக்கள் பாதுகாப்பு என்று நம்பி ஓடித் தங்கிய த்சுஷிமா பகுதியின் மேல்தான் அந்த மேகம் வந்து இறங்கியது. அயோடின் மாத்திரை சாப்பிடுங்கள் என்ற மத்திய அரசின் உத்தரவு மார்ச் 16 அன்று வந்தது. அதற்குள் அந்த மக்கள் இடம்பெயர்ந்துவிட்டிருந்தார்கள். மிஹாரு என்ற சிறு நகரத்தின் நிர்வாகம் மேலிட உத்தரவுக்குக் காத்திராமல் மார்ச் 15 அன்றே தன் மக்களுக்கு மாத்திரை கொடுத்தது. திரும்பப் பெறுங்கள் என்று மாகாண நிர்வாகம் சொன்னபோதும் அது மறுத்துவிட்டது.

மக்களின் அச்சத்தைப் போக்க, அந்த மாகாணத்தில் 18 வயதுக்கு உட்பட்ட அனைவருக்கும் தைராய்டு அல்ட்ராசவுண்ட் பரிசோதனை 2011 அக்டோபரில் தொடங்கியது. முதல் சுற்றில் 3 லட்சம் பேர் பரிசோதிக்கப்பட்டார்கள். 116 பேருக்குப் புற்றுநோய் என உறுதியானது அல்லது சந்தேகிக்கப்பட்டது. அடுத்தடுத்த சுற்றுகளோடு சேர்த்து மொத்தம் 300ஐத் தாண்டிவிட்டது. வழக்கமாகப் பிள்ளைகளிடம் பத்து லட்சத்தில் ஓரிருவருக்கு மட்டுமே கண்டறியப்படும் நோய் இது. செர்னோபில் திரும்பிவிட்டதா?

ஒரு தரப்பு ஆம் என்றது. த்சுடா என்ற பேராசிரியரின் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு, தேசியச் சராசரியைப் போல் ஐம்பது மடங்கு வரை நோய் இருப்பதாகக் கூறியது. பெரும்பாலான நிபுணர்கள் இதை ஏற்கவில்லை. அவர்கள் சொன்ன காரணங்களை நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஃபுகுஷிமா பிள்ளைகளின் தைராய்டு பெற்ற கதிர்வீச்சு அளவு செர்னோபில் பிள்ளைகளோடு ஒப்பிட மிகக் குறைவு. செர்னோபிலில் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் விபத்தின்போது ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். ஃபுகுஷிமாவில் கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலோர் பதின்வயதினர். ஃபுகுஷிமாவுக்கு வெகுதொலைவில் உள்ள மூன்று மாகாணங்களில் 4,365 பிள்ளைகளை அதே முறையில் பரிசோதித்தபோதும் கட்டிகள் அதே அளவில் தென்பட்டன. ஒருவருக்குப் புற்றுநோயும் இருந்தது.

தைராய்டில் எந்தத் தொல்லையும் தராமல் ஆயுள் முழுவதும் அப்படியே கிடக்கும் சிறு புற்றுக்கட்டிகள் பலருக்கு உண்டு. வேறு காரணங்களால் இறந்தவர்களைப் பின்லாந்தில் பிரேதப் பரிசோதனை செய்தபோது மூன்றில் ஒருவருக்கு அப்படி இருந்தது. தென்கொரியாவில் அணு விபத்து எதுவும் நடக்கவில்லை. அல்ட்ராசவுண்ட் பரவலானதால் மட்டுமே 1993க்கும் 2011க்கும் இடையே தைராய்டு புற்றுநோய் எண்ணிக்கை 15 மடங்கு உயர்ந்தது. இறப்பு எண்ணிக்கையில் மாற்றமே இல்லை. இதையெல்லாம் வைத்து, ஃபுகுஷிமாவில் கண்ட உயர்வுக்குக் கதிர்வீச்சு காரணமல்ல, நுட்பமான பரிசோதனையே காரணமாகத் தெரிகிறது என்று ஐ.நா. அறிவியல் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. அணு விபத்துக்குப் பிறகு எல்லோரையும் சல்லடை போட்டுப் பரிசோதிக்க வேண்டாம், அதிகக் கதிர்வீச்சு பெற்றவர்களை மட்டும் தொடர்ந்து கவனியுங்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் பரிந்துரைத்தது.

அறிவியல் சான்றுகளின் எடை இந்தப் பக்கமே சாய்கிறது என்பதை நாம் ஏற்கிறோம். அச்சத்தை ஊட்டி எழுதுவது எளிது; அது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் உதவி அல்ல. தேவையற்ற அறுவை சிகிச்சையும் ஒரு தீங்குதான்.

இழந்த நம்பிக்கை

ஆனால் ஃபுகுஷிமாவின் பெற்றோர் பலர் இந்த நல்ல செய்தியை நம்ப மறுக்கிறார்கள். அவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியுமா? காற்று போகும் திசையை மறைத்தது யார்? 2017இல் இன்னொன்றும் வெளிவந்தது. விபத்தின்போது 4 வயதாக இருந்த ஒரு பிள்ளைக்குப் புற்றுநோய் உறுதியாகி அறுவை சிகிச்சையும் நடந்திருந்தது. ஆனால் பரிசோதனைத் திட்டத்துக்கு வெளியே தொடர் சிகிச்சைக்குப் போய்விட்டதால் அதிகாரப்பூர்வப் பட்டியலில் அந்தப் பிள்ளை இல்லை. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களிடம் நோய் இல்லை என்பதையே முக்கியச் சான்றாகச் சொல்லிவந்த நேரம் அது. ஒரு பிள்ளையால் முடிவு மாறிவிடாது என்று புள்ளியியல் சொல்லும். பட்டியலில் இன்னும் யார் யார் விடுபட்டார்கள் என்றுதான் தாய் கேட்பாள்.

2022 ஜனவரியில், விபத்தின்போது பிள்ளைகளாக இருந்து பிறகு தைராய்டு புற்றுநோய்க்கு ஆளான 6 இளைஞர்கள், அந்த நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனத்தின் மீது டோக்கியோ நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். தீர்ப்பு எப்படி அமைந்தாலும், பல ஆண்டுகள் தங்கள் நோயை வெளியே சொல்லவே அஞ்சி வாழ்ந்தவர்கள் அவர்கள் என்பதை மறக்க முடியாது.

செர்னோபிலில் உண்மையை மறைத்ததால் நோய் வந்தது. ஃபுகுஷிமாவில் உண்மையைத் தாமதித்ததால், நோய் பெரிதாக வரவில்லை என்ற உண்மையையே யாரும் நம்பாத நிலை வந்தது. முதல் வாரத்தில் சொல்லாத உண்மையைப் பத்தாண்டு கழித்து எத்தனை அறிக்கைகள் போட்டாலும் ஈடுகட்ட முடியாது.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

ஃபுகுஷிமா விபத்து நடந்த அதே 2011இல்தான் நம் இடிந்தகரை மக்கள் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக உண்ணாவிரதம் இருந்தார்கள். 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு நிபந்தனைகளை விதித்து உலை இயங்க அனுமதித்தது. இன்று அங்கே இரண்டு உலைகள் மின்சாரம் தயாரிக்கின்றன; மேலும் உலைகள் கட்டப்படுகின்றன. சென்னைக்குத் தெற்கே கல்பாக்கம் இருக்கிறது. அணு உலை வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தில் நம் வாசகர்களிடமே இரு கருத்துகள் இருக்கலாம். ஆனால் உலை இருக்கிறவரை சில கேள்விகளில் யாருக்கும் இரு கருத்து இருக்க முடியாது.

அயோடின் மாத்திரை எங்கே, எத்தனை பேருக்குப் போதுமான அளவு இருக்கிறது? அதை யார், எத்தனை மணி நேரத்தில் கிராமத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்? கைக்குழந்தைக்கு எவ்வளவு, கர்ப்பிணிக்கு எவ்வளவு என்று அங்கன்வாடிப் பணியாளருக்கும் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியருக்கும் தெரியுமா? வீட்டில் ஒரு மாடோ இரண்டு ஆடோ வைத்திருக்கும் தாய்க்கு, பாலை நிறுத்து என்று சொல்லப்போகும் குரல் எது? பள்ளிவாசல், தேவாலயம், கோயில் ஒலிபெருக்கிகள் வழியாகத் தமிழில் சொல்லும் ஏற்பாடு இருக்கிறதா? காற்றின் திசையைச் சொல்லும் அளவீடுகள் மக்கள் பார்வைக்கு உடனுக்குடன் வருமா, அல்லது கோப்புக்குள் போகுமா?

மக்களிடம் சொன்னால் பீதி பரவும் என்பதுதான் ஒவ்வொரு முறையும் ஆட்சியாளர்கள் சொல்லும் காரணம். 1986இல் போலந்து மக்கள் பீதியில் சிதறி ஓடவில்லை. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்று, கசப்பான ஒரு வாய் மருந்தைக் குடிக்க வைத்து வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அதே நாட்களில் எல்லைக்கு இந்தப் பக்கம் கோமெல் கிராமங்களில் பீதியே இல்லை. தாய்மார்கள் நிம்மதியாகப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.